முரல் முள்ளும் மூன்று துறைகளும்

முரல் மீனின் முள் பச்சை நிறத்தில் இருக்கும். முதன்முதலாகப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் மீன் கெட்டுப்போய்விட்டது என்று தட்டைத் தள்ளிவைப்பார்கள். கீழக்கரையில் யாரும் தள்ளிவைப்பதில்லை. முள்ளை நாக்கால் ஒதுக்கிச் சதையை மட்டும் உள்ளே அனுப்பும் வித்தை அங்கே பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே வந்துவிடும். தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது என்று வளர்ந்த ஆள் ஒருவன் சொன்னால், அவன் அந்தக் கரையில்தான் பிறந்தானா என்ற சந்தேகம் ஊருக்கு வந்துவிடும்.

இந்தப் பெருமை சீனி முகம்மதுவைப் பாதி கொன்றது. மீதிப் பாதிக்குப் பவளத்திட்டு பன்னோக்கு மருத்துவமனை பொறுப்பேற்றுக்கொண்டது.

சீனி முகம்மது ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தார். யாரோடும் சண்டை போட்டதில்லை. எதிரே வருபவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும் மனிதர்.

அக்காவை அங்கே லாத்தா என்பார்கள். அவருடைய லாத்தா வீட்டில் புது மருமகனுக்கு விருந்து. எல்லாரும் சஹனில் உட்கார்ந்தார்கள். சஹன் என்பது ஒரே பெரிய தட்டு. அதைச் சுற்றி நாலு பேர். அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். நடுவில் ஒருவர் எழுந்தால் மற்ற மூவரும் கையை எடுத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். சீனி முகம்மதுவுக்கு எதிரே புது மருமகன். இரண்டு பக்கமும் மருமகனின் சித்தப்பாக்களான சாச்சாமார்கள். நெய்ச்சோற்றின் மேல் பொரித்த முரல்.

முள் சிக்கியது. சீனி முகம்மது இருமவில்லை, எழவில்லை, வாயில் விரல் வைக்கவில்லை. ஒரு பெரிய உருண்டைச் சோற்றை உருட்டி, கண்ணில் நீர் கோர்க்க, முள்ளையும் சேர்த்து விழுங்கினார். கதவோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி மெஹருன்னிசா.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “முள்ளா மச்சான்?”

“காரம்.”

“நெய்ச்சோத்துல என்ன காரம்?”

“காரம்னா காரந்தான். விடு மெஹரு.”

சில நாள் கழித்து வலது விலாவுக்குக் கீழே வலித்தது. அப்புறம் காய்ச்சல். நடுங்கி நடுங்கி வந்த காய்ச்சலோடு மெஹருன்னிசா அவரை பஸ் ஏற்றி இராமநாதபுரத்தில் இருந்த பவளத்திட்டுக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கட்டடம். வாசலில் பளிங்கால் செய்த ஒரு பெரிய சிப்பி. அதற்குள் முத்து இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனரின் படம்.

பயிற்சி மருத்துவர் ஒருவர் கணினியைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். நல்ல பையன். சரியான கேள்வியைத்தான் கேட்டான். ஆனால் சத்தமாகக் கேட்டான்.

“மீன் முள் எதுவும் முழுங்கினீங்களா சார்?”

பின்னால் வரிசையில் சின்னக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். ஏர்வாடிக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் காதில் விழுந்த செய்தி மறுநாள் மீனோடு சேர்ந்து எல்லா ஊருக்கும் போகும்.

“சேச்சே. நாங்க கடக்கர ஆளுக தம்பி,” என்றார் சீனி முகம்மது.

“இல்லைன்னு போட்டுக்கிறேன்.”

“போட்டுக்கங்க.”

மெஹருன்னிசா வாயைத் திறந்தாள். புருஷன் அவளைப் பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்தப் பார்வையை நினைத்து நினைத்து அவள் பல்லைக் கடித்தாள்.

முதலில் தொண்டைத் துறை. அதன் தலைவர் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். சுத்தமான தொண்டை என்று பாராட்டினார். “காய்ச்சல் இருக்கிறது, எனவே கிருமி இருக்கிறது. ஆனால் தொண்டையில் இல்லை. தொண்டைக்குக் கீழே நான் கருத்துச் சொல்வது நாகரிகமாக இருக்காது,” என்று ஆண்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. தொண்டைத் துறை நோயாளி குணமானதாக அறிவித்தது. மாத்திரை தீர்ந்தவுடன் காய்ச்சல் திரும்பி வந்தது.

அடுத்து குடல் துறை. கேமரா வைத்த குழாயை விழுங்கச் சொன்னார்கள். இரைப்பையின் ஓர் ஓரத்தில் சின்னத் தழும்பு இருந்தது. “ஏதோ ஒன்று இந்த வழியாக வெளியேறியிருக்கிறது,” என்றார் குடல் துறைத் தலைவர். குரலில் ஒரு நிம்மதி. “இங்கிருந்து வெளியேறியதால் இனி அது எங்களுடையது அல்ல.”

“எங்கன போயிருக்கும் சார்?” என்று மெஹருன்னிசா கேட்டாள்.

“அந்தக் கேள்வியை அது போய்ச் சேர்ந்த துறையிடம்தான் கேட்க வேண்டும்.”

குடல் துறை ஊசி போட்டது. காய்ச்சல் இறங்கியது. குடல் துறையும் குணமானதாக அறிவித்தது. ஊசி நின்றது, காய்ச்சல் வந்தது. இந்த முறை கண் மஞ்சளாகியிருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் சீழ்க்கட்டி. கட்டிக்கு நடுவே மெல்லிய ஒரு கோடு. ஈரல் துறைத் தலைவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

“சீழ் எங்களுடையது. அதை மறுக்கவில்லை,” என்றார். “கோடு எங்களுடையது அல்ல. அது மெஷினின் கோளாறாக இருக்கலாம்.”

அப்போது சீனி முகம்மது கட்டிலில் இருந்து கையை உயர்த்தினார். பள்ளிக்கூடத்தில் பையன் எழுந்து நிற்பதைப் போல.

“சார், அது முரல் முள்ளு. நான்தான் முழுங்குனேன்.”

மானத்தை விட்டு ஒரு மனிதன் சொன்ன சொல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. ஈரல் துறைத் தலைவர் கணினியைத் திருப்பிப் பார்த்தார்.

“இல்லை என்றல்லவா சொல்லியிருக்கிறீர்கள்?”

“அப்ப வெக்கத்துல சொன்னேன் சார்.”

“முதலில் சொன்னதுதான் செல்லும். காய்ச்சல் ஏறிய பிறகு நோயாளிகள் எதையும் சொல்வார்கள்.”

சின்னக்கருப்பன் சர்க்கரை வியாதிக்காக அங்கே வந்தவர். அன்று வார்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நம்ம படகு கதையாவுல்ல இருக்கு,” என்றார். “கடல்ல எல்ல தாண்டிருச்சுன்னா இங்கன உள்ளவக, எங்களுக்குத் தெரியாதுன்னுருவாக. அங்கன உள்ளவக, ஏன் வந்தேம்பாக. நடுவுல கெடக்குறவன் கெடக்க வேண்டியதுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஏம்ப்பா, முரல் முள்ளயா முழுங்குன?”

சீனி முகம்மது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாதாரண ஊசி இனிப் பலிக்காது, பெரிய ஊசி வேண்டும் என்று ஈரல் துறை சொன்னது. பெரிய ஊசி கேட்டால் ஆண்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக் குழு கூட வேண்டும். குழுவின் தலைவர் டாக்டர் நாகசுந்தரம். மருத்துவமனையின் தலைவரும் அவரே. குழு வாரத்தில் ஒரு நாள்தான் கூடும். அந்த வாரம் குழுவுக்கு மாநில அளவில் ஒரு விருது கிடைத்திருந்ததால், கூட்டம் பாராட்டு விழாவாக மாறிப்போயிருந்தது.

வார்டு நர்ஸ் ராமலெட்சுமி மருந்துத் தட்டைத் துடைத்தபடி மெஹருன்னிசாவிடம் சொன்னாள். “ஆண்டிபயாட்டிக்க ஆகக் கொறச்சலா போடுற ஆஸ்பத்திரி நாமதானாம்க்கா. அதுக்குத்தான் கேடயம் குடுத்துருக்காக.”

“எப்படிக் கொறச்சீக?”

ராமலெட்சுமி கதவைப் பார்த்தாள். “பெரிய ஊசி கேட்டு எழுதுவாக. குழு கூடுறதுக்குள்ள பாதிப் பேரு போய்ச் சேந்துருவாக. அவுகளும் ஊசி போடாதவக கணக்குலதான் வருவாக.”

வராந்தாவில் கேடயம் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. அவள் போய் அதன் முன் நின்றாள். தன் முகம் அதில் தெரிவதைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் குழு கூடியது. நோயாளியின் உறவினரும் வரலாம் என்பது குழுவின் பெருந்தன்மை. நீள மேசையின் தலைமாட்டில் டாக்டர் நாகசுந்தரம். அவருடைய தலைமுடி, மீசை, கைக்கடிகாரம் எல்லாம் ஒரே பளபளப்பில் இருந்தன.

“அம்மா,” என்றார் டாக்டர், “ஆண்டிபயாட்டிக் என்பது மனிதகுலத்தின் கடைசிக் குண்டு. எதிரி யாரென்று தெரியாமல் சுடக் கூடாது. எதிரி யாரென்று தெரிய சீழை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். சீழை எடுக்க ஊசி குத்த வேண்டும். ஊசி குத்தினால் அந்தக் கோட்டின் மீது படலாம். கோடு என்னவென்று தெரியாமல் குத்த முடியாது. கோடு என்னவென்று தெரிய குத்தித்தான் பார்க்க வேண்டும். நிலைமையின் சிக்கல் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.”

“கோடு இல்ல சார். முள்ளு. முள்ள எடுங்க சார்.”

“நாங்கள் முள்ளுக்கு எதிரிகள் அல்ல,” என்றார் நாகசுந்தரம் கனிவோடு. “முள் இருந்தால் எடுத்துவிடுவோம். ஆனால் பதிவுகளின்படி முள் இல்லை. இல்லாத ஒன்றை எடுத்தால் நாளை தணிக்கையில் என்னிடம் கேட்பார்கள், எதை எடுத்தாய் என்று. நான் என்ன பதில் சொல்வேன்? என் நிலைமையில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.”

“அவரு செத்துருவாரு சார்.”

குழு உறுப்பினர்கள் மேசையைப் பார்த்தார்கள். நாகசுந்தரம் மட்டும் அவளைப் பார்த்தார்.

“மரணத்தைப் பற்றி இந்த மேசையில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதில்லை. அது எங்கள் விதிகளில் இருக்கிறது.”

பெரிய ஊசிக்கான முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மெஹருன்னிசா அன்று மதியமே புருஷனை எழுப்பினாள். தன் பொறுப்பில் கூட்டிப்போவதாக எழுத்தில் வேண்டும், கையெழுத்தில் வேண்டும் என்று மருத்துவமனை கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஆம்புலன்ஸில் மதுரை. அரசாங்க ஆஸ்பத்திரி. பாய் விரிக்க இடமில்லாத வராந்தா. கசங்கிய சட்டையோடு ஒரு அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். கீழக்கரை என்றாள்.

“மீனா?”

“முரல் சார்.”

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, சீழை வடித்து, முள்ளை எடுத்தார்கள். விரல்நுனி நீளம். ஊசிபோல் கூர்மை. பச்சை. சிறு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். முள் வெளியே வந்த பிறகு போட்ட மருந்து வேலை செய்தது. போன காய்ச்சல் திரும்பி வரவில்லை. சீனி முகம்மது எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார். சட்டையைக் கழற்றினால் விலா எலும்புகளை எண்ணலாம். ஃப்ரிட்ஜைத் தூக்கிவந்த கைகளால் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. மெஹருன்னிசா செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. குப்பியை அலமாரியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தாள்.

பிறகு பவளத்திட்டிலிருந்து ஃபோன் வந்தது. மக்கள் தொடர்பு அதிகாரி கலைச்செல்வி. தேன் தடவிய குரல்.

“மேடம், சார் நல்லா இருக்காங்கன்னு கேள்விப்பட்டோம். எங்க டீமே சந்தோஷத்துல இருக்கு. நாங்க குடுத்த ஆண்டிபயாட்டிக்தானே சாரை மதுரை வரைக்கும் உயிரோட கொண்டுபோய்ச் சேர்த்துச்சு? அதைச் சொல்ற மாதிரி ஒரு சின்ன நன்றி வீடியோ. சேர்மன் சாரும் துறைத் தலைவர்களும் நேர்லயே உங்க வீட்டுக்கு வர்றதா இருக்காங்க.”

சீனி முகம்மது கைகளை ஆட்டினார். வேண்டாம் என்றார். மெஹருன்னிசா அவரைப் பார்த்தபடியே ஃபோனில் பேசினாள்.

“வெறும் வயித்தோட அனுப்ப மாட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்க.”

“என்ன ஸ்பெஷல் மேடம்?”

“சஹன் சோறு. முரல் மீன்.”

விருந்தன்று காலையில் சின்னக்கருப்பன் நல்ல முரலாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். மெஹருன்னிசா மீனைப் பொரித்தாள். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து முள் எடுக்க ஆரம்பித்தாள். நடுமுள்ளை உருவினாள். ஓர முள்ளை உருவினாள். சதையை விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட யாரும் அத்தனை கவனமாக முள் பார்க்க மாட்டார்கள். சீனி முகம்மது வந்து எட்டிப் பார்த்தார்.

“அவுகளுக்குப் போயி இம்புட்டு மெனக்கெடுறியா?”

“ஒரு முள்ளு கூட அவுக வாயில படக் கூடாது மச்சான்.”

அவர் மனம் இளகிப்போனது. இவளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார். எடுத்த பச்சை முட்களை மெஹருன்னிசா முற்றத்து மண்ணில் குழி தோண்டிப் புதைத்து, மேலே மண்ணைத் தள்ளி மிதித்தாள். சதையை மசாலாவில் பிரட்டிச் சோற்றுக்குள் ஒளித்துவைத்தாள்.

நாலு பேரும் வந்தார்கள். நாகசுந்தரம், தொண்டை, குடல், ஈரல். சஹனைச் சுற்றி அவர்களை உட்காரவைத்தாள். கலைச்செல்வி ஃபோனை உயர்த்தி வீடியோ எடுத்தாள். நாகசுந்தரம் வாயில் சோற்றோடு பேசினார்.

“சீனி முகம்மது அவர்களின் அனுபவம் எங்களுக்குப் பெரிய பாடம். கடற்கரை மக்கள் வெட்கத்தால் முள்ளை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறோம். இனி எங்கள் மருத்துவமனையில் ஒரு புதிய விதி. முள் இல்லை என்று எவர் சொன்னாலும் முள் இருப்பதாகவே கொள்ளப்படும். இதற்கு சீனி முகம்மது விதி என்று பெயர் வைத்திருக்கிறேன். நானே எழுதினேன்.”

சீனி முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். தன் பெயர் அவருக்கு யாரோ அந்நியனின் பெயர்போலக் கேட்டது.

சோறு அருமை என்றார்கள். மீன் வெண்ணெய் என்றார்கள். தட்டு காலியாகும்வரை மெஹருன்னிசா பரிமாறிக்கொண்டே இருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து குப்பியை எடுத்துவந்து சஹனின் நடுவில் வைத்தாள்.

“இதே மீன்தான் டாக்டரே. முள்ளு பச்சையா இருக்கும், மசாலால கண்ணுக்குத் தெரியாது. பாத்துத்தானே சாப்பிட்டீக?”

நாலு கைகளும் நின்றன. நாகசுந்தரம் ஒருமுறை எச்சிலை விழுங்கினார். இன்னொருமுறை விழுங்கினார். மூன்றாவது முறை அவர் கை தொண்டைக்குப் போனது.

“ஏதோ… குத்துகிற மாதிரி…”

“எங்கே சார்?” என்று எழுந்தார் தொண்டை.

“இங்கே. ஆமாம். குத்துகிறது. முள்தான்.”

“முள்தான்னு சொல்லிட்டீங்களா சார்?” என்றாள் கலைச்செல்வி. அவள் கையில் இருந்த ஃபோன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

ஃபோன் வெளிச்சத்தில் தலைவரின் வாய்க்குள் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. உடனே குடலும் ஈரலும் தட்டைப் பார்த்தார்கள். முள் யார் பக்கத்தில் இருந்தது என்ற கேள்வி எழுந்தது. தலைவரின் பக்கம் கிழக்கு. ஆனால் அவர் ஒருமுறை கையை நீட்டி ஈரலின் பக்கத்திலிருந்து எடுத்ததைக் குடல் பார்த்திருக்கிறார். “என் பக்கத்துச் சோற்றில் முள் இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை,” என்றார் ஈரல். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போதும் அந்த விவாதம் முடியவில்லை. கார் கிளம்பும்போது நாகசுந்தரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மெஹருன்னிசாவைப் பார்த்து ஏதோ கேட்க வந்தார். கண்ணாடி மேலேறிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ராமலெட்சுமி அவ்வப்போது ஃபோனில் சொன்னாள். மெஹருன்னிசா கேட்டுக்கொண்டாள். “சரி தாயி” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

தொண்டைத் துறை கண்ணாடியை விட்டுத் தேடியது. முள் இல்லை. எனவே கீழே இறங்கிவிட்டது என்று முடிவானது. தேடிய தேடலில் தொண்டை புண்ணாகி லேசான காய்ச்சல். அதற்கு மாத்திரை. குடல் துறை குழாயை விட்டுத் தேடியது. தழும்புகூட இல்லை. “தழும்பு விடாமல் வெளியேறும் அளவுக்கு அது கூர்மையான முள்,” என்றார் குடல் துறைத் தலைவர். அதற்கு ஊசி. ஈரல் துறை ஸ்கேன் எடுத்தது. சீழும் இல்லை, கோடும் இல்லை. “சென்ற முறை கோடு இருந்தும் நாம் நம்பவில்லை. அதே தவறை இரண்டாம் முறை செய்யக் கூடாது,” என்றார் ஈரல் துறைத் தலைவர்.

ஊசிகள் ஏற ஏற நாகசுந்தரத்துக்கு வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கு முள் நகர்வதற்கான அடையாளம் என்று கொள்ளப்பட்டது. தனக்குக் குத்தவே இல்லை, முள்ளே இல்லை என்று அவர் கத்தினார். அப்படிக் கத்தியது சீனி முகம்மது விதியின் கீழ் வந்தது.

ஒரு நாள் கலைச்செல்வி நேரில் வந்தாள். குரலில் தேன் வற்றியிருந்தது.

“மேடம், நாளைக்குக் காலைல சேர்மன் சாருக்கு வயித்தைத் திறந்து பாக்கப் போறாங்க. அந்த மீன்ல நெஜமாவே முள் இருந்துச்சா?”

மெஹருன்னிசா முற்றத்தைப் பார்த்தாள். முள் புதைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது. சீனி முகம்மது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன்னைப் பார்க்காமல் இருப்பதைக் கவனித்தார். அடுப்படி ஞாபகம் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஒவ்வொரு துண்டும் ஞாபகம் வந்தது. அவர் முகம் மெல்ல மாறியது.

“மெஹரு,” என்றார். “சொல்லிரு.”



“வாரேன்,” என்று எழுந்தாள் மெஹருன்னிசா.

குழு அன்றே அவசரமாகக் கூடியிருந்தது. தலைவர் இல்லாமல் குழு கூட முடியாது. எனவே நாகசுந்தரத்தைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுவந்து மேசையின் தலைமாட்டில் நிறுத்தியிருந்தார்கள். தலைவராக அவர் அங்கே இருக்கலாம். தன் சொந்த நோயைப் பற்றி அவர் பேசினால் அது சுயநலமாகிவிடும் என்பதால் பேசக் கூடாது. கையில் ஊசி, மூக்கில் குழாய். தலைமுடி பளபளப்பை இழந்திருந்தது. மெஹருன்னிசாவைக் கண்டதும் அவர் கண்கள் பெரிதாயின.

“அன்னைக்கி மீன்ல முள்ளு இல்ல,” என்றாள் மெஹருன்னிசா. “ஒரு முள்ளு விடாம நான்தான் எடுத்தேன். எடுத்த முள்ளெல்லாம் எங்க வீட்டு முத்தத்துல கெடக்கு. வேணும்னா வந்து தோண்டிப் பாருங்க.”

நாகசுந்தரம் தலையை ஆட்டினார். குழாய் குலுங்கியது. ஆமாம், ஆமாம் என்று அந்தத் தலை சொன்னது.

ஈரல் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, உங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? முள் பச்சையாக இருக்கும், பார்த்துச் சாப்பிட்டீர்களா என்று கேட்டீர்கள். வீடியோவில் இருக்கிறது. தலைவரும் தன் வாயால் முள்தான் என்று சொல்லியிருக்கிறார். முதலில் சொன்னதுதான் செல்லும். இது நான் போட்ட விதி அல்ல.” அவர் மரியாதையோடு கட்டிலைப் பார்த்தார். “இப்போது நீங்கள் முள் இல்லை என்கிறீர்கள். நீங்களும் கடற்கரை ஊர். விதி தெளிவாக இருக்கிறது.”

“அப்ப நான் சொல்றத நம்ப மாட்டீகளா?”

“உங்களை நம்புகிறோம் அம்மா. நீங்கள் முள் இல்லை என்று சொல்வதை வைத்துத்தான் முள் இருப்பதை உறுதி செய்கிறோம்.”

நாகசுந்தரத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“தலைவர் உணர்ச்சிவசப்படுகிறார்,” என்றார் தொண்டை. “இந்த மேசையில் அது விதிக்கு விரோதம். வெளியே கூட்டிப்போங்கள்.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெஹருன்னிசாவைக் கடக்கும்போது நாகசுந்தரம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. அவள் குனிந்து, விரல் விரலாக விடுவித்தாள்.

“நிலைமையோட சிக்கல் ஒங்களுக்குப் புரியும் டாக்டரே,” என்றாள்.

சின்னக்கருப்பன் சில நாள் கழித்துக் கடைக்கு வந்தபோது மீதியைச் சொன்னார். அதற்குள் கரை முழுக்கத் தெரிந்திருந்தது. “வயித்தத் தொறந்து பாத்தாகளாம். ஒண்ணுமில்லயாம். முள்ளு நெஞ்சுக்குள்ள போயிருச்சுன்னு நெஞ்சு டாக்டருகிட்ட அனுப்பியிருக்காக. அவரு புதுசா வேற ஊசி எழுதியிருக்காராம். பெரிய ஊசிக்கு எழுதிப் போட்டு குழுவுக்காகக் காத்துக்கிட்டு இருக்காக.” அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தாளு உசுருக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. இல்லாத முள்ளு ஆரக் கொல்லும்? ஆனா அது இன்னும் எத்தன துறைக்குப் போகுமோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.”

சீனி முகம்மது சிரிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தார். மெஹருன்னிசா தட்டு வைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார்.

“நீ கொஞ்சம் முன்னாலயே சொல்லியிருக்கலாம் மெஹரு.”

அவள் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள்.

“ஒங்க கண்ணு மஞ்சளானப்ப முள்ள எடுங்கன்னு நானும் அவுககிட்டச் சொன்னேன். அவுகளும் கொஞ்சம் முன்னாலயே கேட்டிருக்கலாம்.”

தட்டில் பொரித்த மீன் விழுந்தது. முரல். அவர் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

“முள்ளோடயா?”

“முள்ளோடதான். பாத்துத் தின்னுங்க,” என்றாள் மெஹருன்னிசா. “முள்ளெடுத்துப் போடுறது டாக்டருகளுக்கு மட்டுந்தான்.”